ராஜினாமாவால் நடந்த ஊராட்சி: பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல்

தமிழ்நாட்டில், ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73-ஆவது திருத்தத்துக்குப் பிறகான முதல் ஊராட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைவர்கள் வந்தார்கள். மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளுக்கும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலுக்கும் வரவில்லை. அந்தத் தேர்தலில் இவை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகள். முக்குலத்தோர் பெரும்பான்மையாக வாழும் இந்த ஊர்களில், அடுத்த பத்தாண்டுகளுக்குப் பதவியில் நிலைத்த தலைவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் முழுமையாக நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதைத் தேர்தல் நடத்த முடியாமற்போன கதையாகவே சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை அறிவித்துக்கொண்டேதான் இருந்தது. சில முறை வாக்குப்பதிவும் நடந்தது. வெற்றிச் சான்றிதழும் கொடுக்கப்பட்டது. பதவிப் பிரமாணமும் ஆயிற்று. ஊராட்சிச் சட்டத்தின் ஒவ்வொரு படியையும் மீறாமலே அச்சட்டம் தரவேண்டிய பலனை மட்டும் ஊர் தடுத்துவிட்டது. இந்த ஆய்வு கவனிக்க விரும்புவது அந்த நடைமுறை நுட்பத்தைத்தான். சாதி வெறி என்ற ஒரே சொல்லால் இதை முடித்துவிட்டால், எந்தக் கருவியால் காரியம் நடந்தது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

ஒதுக்கீட்டின் அடிப்படை எளிமையானது. அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவு, உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதைப் பின்பற்றி இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, கிராம ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீடு தலைவருக்கு உண்டு, துணைத் தலைவருக்கு இல்லை. ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இந்த இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால், தனி ஊராட்சி ஒன்றில் தலைவர் ஒரு சாதியாகவும் துணைத் தலைவர் இன்னொரு சாதியாகவும் அமைவதற்கும், காசோலையின் பாதி உரிமை ஊர்ப் பெரும்பான்மையின் கையில் நிற்பதற்கும் சட்டமே வழி வைத்திருப்பது புரியும். அதுகூடப் போதாது என்று நினைத்தவைதான் இந்த நான்கு ஊர்களும்.

எதைக் காக்க இவ்வளவு பிடிவாதம் என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. முதலாவது, ஏலம். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சிறு ஊராட்சிகளில் பெரிய வருமானம் அல்ல. கண்மாயின் மீன்பாசிக் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம், தோப்புக் குத்தகை ஆகியவைதாம் கையில் பணமாக வருபவை. பல ஊர்களில் இவை நெடுங்காலமாக ஊர்ப் பொதுவில், அதாவது ஆதிக்கச் சாதியின் அம்பலங்களும் (ஊர்த் தலைவர்களும்) பெரியவர்களும் கூடிய மந்தைத் திடலில், பேசி முடிக்கப்பட்டவை. யாருக்குக் குத்தகை, எவ்வளவுக்கு, அந்தப் பணம் கோயில் கொடைக்கா அல்லது வேறெதற்கா என்பதை அங்கேயே தீர்மானித்துவிடுவார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்டு ஏல அறிவிப்பை ஒட்டினால், அந்த அதிகாரம் மந்தையிலிருந்து ஊராட்சி அலுவலகத்துக்கு இடம் மாறுகிறது. அலுவலக நாற்காலியில் இருப்பவர் அதுவரை அந்த ஏலத்தின் பக்கமே வர முடியாதவராக இருந்தால் மாற்றம் இரட்டிப்பாகிறது.

இரண்டாவது, மரியாதை. பாப்பாபட்டி சாதாரண ஊர் அல்ல; அங்குள்ள ஒச்சாண்டம்மன் கோயில் பிறமலைக் கள்ளர்களின் முக்கியமான குலதெய்வக் கோயில்களில் ஒன்று. மாசி மகா சிவராத்திரிக்குச் சுற்று வட்டார மக்கள் அங்கே திரள்கிறார்கள். ஊராட்சித் தலைவரை ஊரின் முதல் மனிதராகக் கருதி, திருவிழாவில் பரிவட்டமும் முதல் மரியாதையும் கொடுக்க வேண்டி வருமே என்ற அச்சம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. கோயில் மரியாதைக்கும் ஊராட்சிச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; அப்படி எந்த விதியும் கிடையாது. ஆனாலும் ஊரார் மனத்தில் தலைவர் என்பது வெறும் நிர்வாகப் பதவியாகப் பதிந்திருக்கவில்லை. இந்த வாதத்தைப் பொய்ச்சாக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியாதையை உண்மையிலேயே அவர்கள் சொத்தாக எண்ணினார்கள், அதனால்தான் ஏலத்தைவிட இதைப் பற்றி உரக்கப் பேசினார்கள்.

மூன்றாவது பதில் எல்லோருக்கும் தெரிந்தது. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும், தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் எரியும், தொகுப்பு வீட்டுப் பட்டியலில் யார் பெயர் ஏறும் என்பவை தலைவரின் மேசையைக் கடந்தே போகின்றன.

இனி, பதவி காலியாகவே வைக்கப்பட்ட முறைக்கு வருவோம். முதல் முறை, மனுவே தாக்கலாகாமல் பார்த்துக்கொள்வது. ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு. அதைத் தாண்டி மனுப் போடுபவருக்கு வயல்வேலை இல்லை, கடையில் பொருள் இல்லை, பொதுப்பாதையில் நடமாட்டம் இல்லை. பட்டியல் சாதிக் குடும்பங்களில் பெரும்பாலானவை கூலிக்கு நம்பியிருந்தது அதே ஊரின் நிலத்தைத்தான் என்பதால், ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. ஊராட்சித் தலைவருக்கான வாக்குச்சீட்டு இளஞ்சிவப்பு நிறம். ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்டக் குழுவுக்கு மஞ்சள். மனு இல்லாத ஊருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு அச்சாவதே இல்லை. தகராறு இல்லை, கல்வீச்சு இல்லை, வாக்குப்பெட்டி பறிப்பு இல்லை. தேர்தல் அலுவலரின் அறிக்கையில் எழுதுவதற்கு இருப்பது ஒரே வரி: வேட்புமனு எதுவும் பெறப்படவில்லை.

இரண்டாவது முறை இன்னும் நுட்பமானது. அரசும் கட்சிகளும் நீதிமன்றமும் அழுத்தம் கொடுக்கத் தொடங்கியதும், மனு இல்லை என்ற பதில் செல்லாமற்போயிற்று. எனவே ஊரே ஒருவரை நிறுத்தியது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். சட்டப்படி முழுத் தகுதி உள்ளவர். பெரும்பாலும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் நிலத்தில் வேலை செய்பவர். அவருக்கு ஊர் வாக்களிக்கும், அவர் வெல்வார், பதவி ஏற்பார், அந்தச் சூட்டோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். காரணம் கேட்டால் உடல்நிலை அல்லது குடும்பச் சூழ்நிலை. பதவி மீண்டும் காலியாகும், இடைத்தேர்தல் அறிவிக்கப்படும், அடுத்த ஒருவர் தயாராக இருப்பார். 2005-இல் நடந்த தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளின் ஆதரவு பெற்றவர்களும் போட்டியிட்டார்கள். தனி ஊராட்சி என்றாலும் வாக்களிப்பது ஊர் முழுவதும் அல்லவா? பெரும்பான்மையின் வாக்கு, ராஜினாமா செய்யப்போகிறவருக்கே விழுந்தது. பட்டியல் சாதி மக்கள் விரும்பியவர் தோற்றார், ஊர் விரும்பியவர் வென்று விலகினார்.

இங்கே சட்டத்தின் கை கட்டப்பட்டிருந்தது. ராஜினாமா என்பது தனிமனிதரின் உரிமை. தானாக முன்வந்து விலகுகிறேன் என்று எழுத்தில் கொடுக்கும் ஒருவரை எந்த ஆட்சியர் தடுக்க முடியும்? மிரட்டல் இருந்ததாக அவரே புகார் கொடுத்தால்தான் வழக்கு. புகார் கொடுக்கும் துணிவு இருந்தால் அவர் விலகியே இருக்க மாட்டார். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வாக்களிக்கவிடாமல் தடுப்பது குற்றமாக இருந்ததே தவிர, மனுத் தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதோ, தேர்வான ஊராட்சித் தலைவரைக் கடமையாற்றவிடாமல் தடுப்பதோ தனிக் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 2016 ஜனவரி 26 முதல்தான், இரண்டும் பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டன. பாப்பாபட்டியில் நடந்தவற்றுக்கு அது இருபதாண்டு தாமதம்.

இந்த ஊர்களின் மௌனத்தை அளக்கும்போது அதே மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பக்கத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. மேலவளவும் 1996-இல் தனி ஊராட்சியாக்கப்பட்டது. அங்கே தேர்தல் முதலில் நின்று, பிறகு வாக்குச்சாவடிகள் தாக்கப்பட்டு, கடைசியில் காவல் பாதுகாப்புடன் மறுவாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் இறுதியில், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், துணைத் தலைவர் உள்ளிட்ட ஐவரோடு அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 17 பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்களில் 13 பேர் 2019-இல் தமிழக அரசால் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். மேலவளவில் மனுப் போட்டவருக்கு நேர்ந்த கதி என்ன என்று உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடையிலுள்ள தூரம் பேருந்தில் ஓரிரு மணி நேரம்தான்.

பதவி காலியாக இருந்த ஆண்டுகளில் ஊராட்சி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைவர் இல்லாத ஊராட்சியின் பொறுப்பை ஒன்றிய அலுவலர் ஒருவர் பார்ப்பார், எழுத்தர் கணக்கு எழுதுவார், மின்கட்டணம் கட்டப்படும், மோட்டார் ஓடும், பழுதாகும், எப்போதாவது சரி செய்யப்படும். ஒன்றிய அலுவலகத்தில் நூறு கோப்புகளுக்கு நடுவே இந்த ஊரின் கோப்பும் ஒன்று. தெருவிளக்கு எரியாத புகாரை ஊர் மந்தையில் சொல்ல முடியாது, ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். இந்தச் சிரமம் ஊர் முழுவதற்கும் பொதுவானது. ஆதிக்கச் சாதிக் குடும்பங்களும் அதே மோட்டாரின் தண்ணீரைத்தான் எதிர்பார்த்திருந்தன. பத்தாண்டுகளாக அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள அவை ஆயத்தமாக இருந்தன என்பதே, பதவியின் மதிப்பை அவை எவ்வளவு உயர்வாக மதித்தன என்பதைக் காட்டும் கணக்கு. அரசுத் தரப்பில் வளர்ச்சிப் பணிகளைக் காட்டிப் பேசியவர்கள் தொடக்கத்தில் தோற்றதும் இதனால்தான்: இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஊர் அந்த முடிவை எடுத்திருந்தது.

அப்படியானால் 2006-இல் என்ன மாறியது? அந்த ஆண்டு மே மாதம் மு. கருணாநிதி முதல்வரானார், மு.க. ஸ்டாலின் உள்ளாட்சித் துறை அமைச்சர். மதுரை ஆட்சியர் த. உதயச்சந்திரன். உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில் வரவிருந்தது. அடுத்த சுற்றில் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விடும், அதுவரை பொறுத்தால் போதும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த நான்கும் 2006-லும் தனி ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. இதை நான் மிக முக்கியமான நிர்வாக முடிவாகக் கருதுகிறேன். ராஜினாமா என்ற உத்தி காலத்தைக் கடத்தும் உத்தி. கடத்தினால் ஒதுக்கீடு விலகிப் போகும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அதற்கு உயிர். விலகாது என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு ராஜினாமாவும் பயனற்ற செலவாகிவிட்டது.

இன்னொரு பக்கம், மாவட்ட நிர்வாகம் ஊருக்குள் உட்கார்ந்து பேசியது. காவல் வண்டிகளோடு தேர்தல் நாளன்று வந்து போவதற்கும், தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் அலுவலர்கள் திரும்பத் திரும்ப வந்து பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் காலனித் தெருவிலும் தனித்தனியே பேசுவதற்கும் வேறுபாடு பெரிது. கோயில் மரியாதைக்கும் ஊராட்சிப் பதவிக்கும் தொடர்பில்லை என்பதைச் சட்டப் புத்தகத்தில் படித்துக் காட்டுவதைவிட, எதிரில் இருப்பவர் அதை நம்பும்வரை கேட்டுப் பதில் சொல்வது நேரம் பிடிக்கும் வேலை. ஊர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் ஒரே கருத்து இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் வெளியே போன பிள்ளைகளுக்குப் பாப்பாபட்டி என்று ஊர்ப்பெயர் சொல்வதே சங்கடமாகிவிட்டிருந்தது. பத்தாண்டுகளாக இடதுசாரிக் கட்சிகளும் தலித் இயக்கங்களும் மாநாடு, மறியல், பொதுவிசாரணை என்று இந்த ஊர்களின் பெயரைச் செய்தியில் வைத்திருந்ததன் பலன் அது. ஆட்சியரின் பேச்சு பலித்ததற்கு இந்தத் தொடர் நெருக்கடியும் காரணம். 2006-இன் வெற்றியை முழுவதுமாக நிர்வாகத்தின் கணக்கில் எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபரில் வாக்குப்பதிவு நடந்தது. நான்கு ஊர்களிலும் வென்றவர்கள் விலகவில்லை. நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா என்ற பெயரில் அரசு விழா எடுத்து நான்கு தலைவர்களையும் சிறப்பித்தது. ஊராட்சிகளுக்குச் சிறப்பு நிதியும் அறிவிக்கப்பட்டது. அந்த மேடையில் தொல். திருமாவளவன் முதல்வருக்குச் சமத்துவப் பெரியார் என்று பட்டம் சூட்டினார். அந்த வகையில் நிகழ்வு முடிந்தது என்று அரசு ஏடுகள் கருதின.

ஆனால் இந்தத் தீர்வின் உட்பொருளைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கத்தான் வேண்டும். தேர்தல் அமைதியாக நடக்க வேண்டுமானால் ஊர் ஏற்கும் வேட்பாளர் வேண்டும். ஊர் ஏற்கும் வேட்பாளர் யார்? பெரியவர்களோடு முரண்படாதவர் என்று அப்போதே விமரிசனம் எழுந்தது. முன்பு விலகுவதற்காக நிறுத்தப்பட்டவரைப் போலவே இப்போது விலகாமல் இருப்பதற்காக ஒருவர் நிறுத்தப்பட்டாரோ என்ற ஐயம் நியாயமானது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பதவியில் ஐந்தாண்டு இருக்கும் ஒருவர், முதல் ஆண்டில் கேட்டுக் கேட்டுக் கையெழுத்திட்டாலும், மூன்றாம் ஆண்டில் காசோலைப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் படித்திருப்பார். ஒன்றிய அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்று தெரிந்திருப்பார். பதவியேற்ற கையோடு விலகியவர்களுக்கு அந்த வாய்ப்பே இருந்ததில்லை. குறைபாடுள்ள சமரசம் என்று ஒப்புக்கொண்டே அதை ஏற்பது சரி என்பது என் முடிவு.

எதிர்ப்பு இதனால் மறைந்துவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது. தேர்தலைத் தடுக்க முடியாத இடங்களில் நாற்காலியைத் தடுத்தார்கள், கொடியைத் தடுத்தார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி, ஊராட்சிச் செயலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீது வழக்குப் பதிவாயிற்று. அதே ஆண்டு சுதந்திர நாளன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் கொடியேற்ற முடியாமற்போய், பின்னர் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் ஏற்றினார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர், பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

படத்தில் விழாத தடைகள் இவற்றைவிடக் கனமானவை. துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் தூய்மைப் பணியாளரின் சம்பளம் நிற்கும், குழாய் பழுதுபார்த்தவரின் பில் நிற்கும், பழி தலைவர் மேல் விழும். இதற்காக ஒருவர் மீதும் வன்கொடுமை வழக்குத் தொடுப்பது எளிதல்ல; கணக்கில் சந்தேகம் இருந்தது, அதனால் கையெழுத்திடவில்லை என்று சொன்னால் போதும். இன்னொரு வாள், தலைவரைப் பதவி நீக்குவதற்கான சட்டப் பிரிவு. புகார், ஆட்சியரின் விளக்கம் கேட்கும் அறிவிப்பு, வட்டாட்சியர் கூட்டும் உறுப்பினர் கூட்டம், அதன் கருத்து, ஆட்சியரின் முடிவு என்று அது போகும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் நிற்கும் ஊரில் அந்தக் கூட்டத்தின் கருத்து என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்க வைக்கப்பட்ட ஏற்பாடு. அதை ஒட்டுமொத்தமாக நீக்கச் சொல்வது தவறு. மறுப்பவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒன்றிய அலுவலர் மாற்றுக் கையெழுத்திடலாம் என்ற விதி தனி ஊராட்சிகளுக்கு மட்டுமாவது வேண்டும்.

2021 அக்டோபர் 2 அன்று, முதல்வராகியிருந்த ஸ்டாலின் பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். 2006-இல் உள்ளாட்சித் துறை அமைச்சராகத் தாம் இருந்ததை அங்கே நினைவுகூர்ந்தார். மக்கள் மனுக்களோடு எழுந்து நின்று பேசினார்கள். ஊராட்சிக் கூட்டத்தில் எப்போதும் பேசப்படுபவைதாம் கேட்கப்பட்டன: சாலை, கட்டடம், தண்ணீர். நாற்பது ஆண்டுகளாக எந்த ஊரிலும் கேட்கப்படும் அந்தச் சாதாரணக் கோரிக்கைகள் பாப்பாபட்டியிலும் கேட்கப்பட்டன என்பதை நான் முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2019 டிசம்பரில் தேர்வான மதுரை, விருதுநகர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படாததால் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிகளுக்கு 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் கிடைக்காது என்பது நிபந்தனையாக இருந்தது. இந்த முறை மனுத் தாக்கலைத் தடுத்தவர் எந்த ஊரிலும் இல்லை. உரிய காலத்தில் தேர்தல் அறிவிப்பே வரவில்லை. 243-இ பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. 1996 முதல் 2006 வரை நான்கு ஊர்களிடம் அரசு எடுத்துக் காட்டி வாதாடியதும் அதே அத்தியாயத்தின் பிரிவுகளைத்தான்.